பஸ்டர் போசி: ஷார்ட்ஸ்டாப்பாகக் கல்லூரிக்குப் போனவர் கேட்சராகத் திரும்பிய கதை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பேஸ்பாலை முதன்முதலாகப் பார்க்கிறவரின் கண் இரண்டு பேர் மேல்தான் போகும்: பந்தை எறிகிற பிட்சர், மட்டையைப் பிடித்து நிற்கிற பேட்டர். நாலைந்து ஆட்டம் பார்த்த பிறகு ஒரு கேள்வி வரும். "பின்னால் முகமூடி போட்டுக் குந்தியிருக்கிறாரே, அவருக்கு என்ன வேலை?" இப்படிக் கேட்கிறவர்களுக்கு நான் பஸ்டர் போசியின் கதையைத்தான் சொல்வேன். அந்த முகமூடிக்காரருக்குப் பெயர் கேட்சர். கல்லூரிக்குள் நுழைந்தபோது போசி கேட்சரே இல்லை. அந்த வேலையை அவர் கற்றுக்கொண்ட விதத்தைச் சொன்னாலே அந்த வேலை என்னவென்று புரிந்துவிடும். இந்தக் கதையைச் சொல்லும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும் பதில்களும் இவை.

யார் இந்த பஸ்டர் போசி?

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் லீஸ்பர்க் என்ற சிற்றூரைச் சேர்ந்தவர். பிறந்தது 1987 மார்ச் 27. முழுப்பெயர் ஜெரால்ட் டெம்ப்சி போசி. 'பஸ்டர்' என்பது அவருடைய அப்பாவின் செல்லப்பெயர். அது மகனுக்கும் ஒட்டிக்கொண்டது.

2009 முதல் 2021 வரை சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் என்ற ஒரே அணிக்கு ஆடினார். அவர் இருந்த காலத்தில் அந்த அணி 2010, 2012, 2014 என மூன்று முறை உலகத் தொடரை, அதாவது உச்சநிலைத் தொழில்முறைப் போட்டியான மேஜர் லீக்கின் இறுதித் தொடரை, வென்றது. மொத்தம் 1,371 ஆட்டங்கள், சரியாக 1,500 ஹிட்கள், 158 ஹோம் ரன்கள், பேட்டிங் சராசரி .302. பந்தை அடித்து, ரன்னுக்காகச் சுற்றி ஓடும் நான்கு இடங்களில் (பேஸ்) ஒன்றையாவது பத்திரமாக எட்டுவது ஹிட்; ஒரே அடியில் நான்கையும் சுற்றி வருவது ஹோம் ரன். பேஸ்பால் சராசரியைக் கிரிக்கெட் கண்ணோடு பார்க்கக் கூடாது. .302 என்றால் கணக்கில் வரும் பத்து வாய்ப்புகளில் மூன்றில் ஹிட் அடித்தார் என்று பொருள். பத்தில் மூன்று என்பது இந்த விளையாட்டில் மிக நல்ல எண். வாழ்நாள் முழுக்க முழங்காலை மடக்கி உட்கார்ந்த ஒரு கேட்சர் அந்த எண்ணை எட்டுவது இன்னும் அரிது.

கேட்சர் என்றால் விக்கெட் கீப்பர் மாதிரிதானே?

நிற்கிற இடம் ஒன்று. வேலை வேறு.

கிரிக்கெட்டில் என்ன பந்து போடுவது என்று முடிவு செய்பவர் பவுலர். கீப்பர் பின்னாலிருந்து யோசனை சொல்லலாம், அவ்வளவுதான். பேஸ்பாலில் ஒவ்வொரு பந்துக்கும் முதலில் பேசுகிறவர் கேட்சர். குந்தி உட்கார்ந்து, தொடைகளுக்கு நடுவே வலது கை விரல்களை நீட்டிக் காட்டுவார். ஒரு விரல் காட்டினால் பெரும்பாலும் ஃபாஸ்ட்பால், இரண்டு காட்டினால் வளைந்து இறங்கும் கர்வ். இரண்டாம் பேஸில் எதிரணி ஆள் நின்றால் அவர் பார்த்துவிடுவார் என்பதால் குறியை மாற்றி மாற்றிக் காட்ட வேண்டும். பிட்சருக்குச் சம்மதமில்லை என்றால் தலையை அசைத்து மறுப்பார். கேட்சர் வேறொன்று கேட்பார். போசி ஓய்வு பெற்ற மறு சீசனான 2022இல் 'பிட்ச்காம்' என்ற சிறு கருவி வந்தது. இப்போது பொத்தானை அழுத்தினால் பிட்சரின் தொப்பிக்குள் குரல் கேட்கும். விரல் குறி குறைந்துவிட்டது, ஆனால் எந்தப் பந்து என்று யோசிக்கிற பொறுப்பு பெரும்பாலும் கேட்சரிடமே இருக்கிறது.

அதோடு முடியவில்லை. பிட்சர் நிற்கும் மேட்டுக்கும் பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே 18.44 மீட்டர். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகப் பந்து அரை விநாடிக்குள் வந்து சேரும். அதைக் கையுறை அதிராமல் வாங்க வேண்டும். ஓரத்தில் விழும் பந்தைக் கை அலையாமல் பிடித்தால் அம்பயர் கண்ணுக்கு அது ஸ்டிரைக்காகத் தெரியும் (மூன்று ஸ்டிரைக் ஆனால் பேட்டர் அவுட்). கை விலகிப் போனால் அதே பந்து பேட்டருக்குச் சாதகமான 'பால்' ஆகிவிடும். ஃப்ரேமிங் என்பது இந்தக் கலைதான். தரையில் குத்தி வரும் பந்தை மார்பால் தடுக்க வேண்டும். முதல் பேஸில் நிற்பவர் இரண்டாம் பேஸைத் திருட ஓடினால், உட்கார்ந்த நிலையிலிருந்து எழுந்து சுமார் 39 மீட்டர் தூரம் எறிய வேண்டும். பந்து கையுறைக்குள் வந்த நொடியிலிருந்து இரண்டாம் பேஸில் இருப்பவர் கைக்குப் போய்ச் சேர ஏறக்குறைய 2 விநாடிதான் அனுமதி. 1.9 விநாடியில் எறிகிறவரை மேஜர் லீக்கில் கொண்டாடுவார்கள்.

மற்ற எட்டுப் பேரும் ஹோம் பிளேட்டை நோக்கி நிற்கிறார்கள். மைதானம் முழுவதையும் எதிரே பார்த்து உட்கார்ந்திருப்பவர் கேட்சர் மட்டுமே. ஓர் ஆட்டத்தில் 150 தடவைக்குப் பக்கமாக உட்கார்ந்து எழுகிறார். ஒன்பது இன்னிங்ஸ் முடிந்ததும் கேட்சர் படியிறங்கி வரும் நடையைக் கவனித்துப் பாருங்கள், நான் சொல்வது விளங்கும்.

பள்ளி முடித்ததும் ஏன் நேராகத் தொழில்முறை ஆட்டத்துக்குப் போகவில்லை?

வாய்ப்பு வந்தது, ஆனால் மிகச் சிறியது. 2005இல் பள்ளி முடிக்கும்போது போசி ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்பவர்) ஆகவும் பிட்சராகவும் ஆடிக்கொண்டிருந்தார். அந்த ஆண்டு டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், ஏஞ்சல்ஸ் அணி அவரை 50ஆவது சுற்றில் எடுத்தது. அப்போது டிராஃப்ட் மொத்தமே 50 சுற்றுகள்தான். கடைசிச் சுற்றில் பெயர் வருவது 'உன்னையும் தெரியும்' என்று சொல்கிற மாதிரி. அவர் கையெழுத்துப் போடவில்லை. டல்லஹாசி நகரில் உள்ள ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனார்.

அமெரிக்கப் பேஸ்பாலில் இது சாதாரணமாக எடுக்கிற முடிவல்ல. நான்காண்டுக் கல்லூரிக்குள் ஒருமுறை போய்விட்டால் மூன்றாம் ஆண்டு முடியும் வரை, அல்லது 21 வயது ஆகும் வரை, மறுபடி டிராஃப்டில் வர முடியாது. அதற்குள் முழங்கை போனாலோ ஆட்டம் மங்கினாலோ வந்த வாய்ப்பும் திரும்பாது. போசிக்கு அந்த மூன்றாண்டு வேறொரு வீரனாக மாறுகிற காலமாக அமைந்தது.

கேட்சர் ஆகச் சொன்னது யார்?

முதலாண்டில், அதாவது 2006இல், அவர் ஷார்ட்ஸ்டாப்பாகவே ஆடினார், நன்றாகவும் ஆடினார். தலைமைப் பயிற்சியாளர் மைக் மார்ட்டின், அமெரிக்க முதல் பிரிவுக் கல்லூரிப் பேஸ்பாலிலேயே அதிக வெற்றிகள் கண்டவர். 2019இல் ஓய்வு பெறும்போது அவர் கணக்கில் 2,029 வெற்றிகள் இருந்தன. அவருடைய துணைப் பயிற்சியாளர் ஜேமி ஷூப்தான் போசியைக் கேட்சராக்கிப் பார்க்கலாம் என்ற யோசனையைச் சொன்னவர். 2007 சீசனில் போசி முகமூடி போட்டார்.

இதன் கனத்தை நாம் சரியாக உணர வேண்டும். ஷார்ட்ஸ்டாப் என்பது உள்களத்தில் மிக அழகான இடம். ஓடலாம், பாயலாம், ரசிகர்கள் கண்ணெல்லாம் அங்கே இருக்கும். அதை விட்டுவிட்டு, இருபது வயதில், பந்து தாடையில் அடிக்கும் இடத்தில் போய் உட்காரச் சொல்கிறார்கள். நல்ல கேட்சர்கள் பலர் எட்டு, பத்து வயதிலேயே அந்த இடத்துக்குப் பழகியவர்கள். போசியிடம் இருந்தவை மூன்று: ஷார்ட்ஸ்டாப்புக்கே உரிய வேகமான காலடி, பிட்சராக இருந்ததால் வந்த வலுவான கை, அலட்டிக்கொள்ளாத மனம். மூன்றாவதுதான் பெரிது என்பது என் கணிப்பு. பிட்சர் தடுமாறும்போது அவர் முகத்துக்கு எதிரே தெரிகிற ஒரே முகம் கேட்சருடையது. அது பதறக் கூடாது.

மேடு ஏறி எறிந்தவர் என்பதால் இன்னொரு லாபமும் உண்டு. அடி வாங்கி நிற்கும் பிட்சர் எந்தப் பந்தை நம்புவார், எந்தப் பந்தைக் கேட்டால் கை நடுங்கும் என்று அவருக்கு உள்ளிருந்தே தெரியும்.

ஒரே ஆட்டத்தில் ஒன்பது இடங்களிலும் ஆடினாராமே, உண்மையா?

உண்மை. 2008 மே 12, சவானா ஸ்டேட் அணிக்கு எதிராக. கேட்சர், பிட்சர், நான்கு உள்கள இடங்கள், மூன்று வெளிக்கள இடங்கள் என்று எல்லாவற்றையும் ஒரு சுற்று வந்தார். அதே ஆட்டத்தில் மூன்று பேஸ்களும் நிரம்பியிருக்க ஹோம் ரன் அடித்தார், அதாவது கிராண்ட் ஸ்லாம். அந்த சீசனில் நெருக்கடியான கடைசி இன்னிங்ஸ்களில் பிட்சராகவும் அவரைக் கூப்பிட்டார்கள். முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டு மேட்டில் ஏறி எறிந்து ஆட்டத்தை முடித்துக் கொடுப்பார்.

கல்லூரியின் கடைசி ஆண்டு எப்படி இருந்தது?

2008இல் சராசரி .463, ஹோம் ரன் 26, அவர் அடியால் வந்த ரன்கள் 93. ஃப்ளோரிடா ஸ்டேட் ஒமாஹா நகரில் நடக்கும் கல்லூரி உலகத் தொடர் வரை போனது. நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான கோல்டன் ஸ்பைக்ஸ் விருதும், சிறந்த கல்லூரிக் கேட்சருக்கான ஜானி பெஞ்ச் விருதும் அவருக்கே வந்தன. அந்தக் கேட்சர் விருது பின்னாளில் போசியின் பெயருக்கே மாறியது. இரண்டே சீசன் கேட்சராக இருந்தவருக்குக் கிடைத்த விருதுக்கு அவர் பெயரையே வைத்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி.

டிராஃப்டில் என்ன நடந்தது? எவ்வளவு பணம்?

2008 ஜூன் டிராஃப்டில் ஐந்தாவது ஆளாக ஜயண்ட்ஸ் அவரை எடுத்தது. அவருக்கு முன்னால் போனவர்கள் டிம் பெக்கம், பெட்ரோ அல்வாரெஸ், எரிக் ஹாஸ்மர், பிரையன் மாட்டஸ். கையெழுத்துத் தொகை 62 லட்சம் டாலர், அதுவரை ஜயண்ட்ஸ் யாருக்கும் கொடுக்காத தொகை. மூன்றாண்டுக்கு முன் கடைசிச் சுற்றில் போன பெயர் இது. கல்லூரி அவருக்குச் செய்த உதவியை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் கணக்கு இல்லை.

இவ்வளவு கொடுத்து எடுத்தவரை ஏன் உடனே மேஜர் லீக்கில் ஆட விடவில்லை?

பேஸ்பாலில் பொதுவாக அப்படி விடுவதில்லை. கேட்சருக்கு இன்னும் பொறுமை காட்டுவார்கள். அதற்குக் காரணங்கள் உண்டு.

கல்லூரியில் அலுமினியம் போன்ற உலோக மட்டை. தொழில்முறை ஆட்டத்தில் மரம்தான். உலோக மட்டையில் கைப்பிடிப் பக்கம் பட்டாலும் பந்து தப்பித்து ஓடும். மரத்தில் அப்படிப் பட்டால் மட்டை பிளந்து கையில் பாதி நிற்கும். அடுத்தது ஆட்டங்களின் எண்ணிக்கை. கல்லூரியில் வார இறுதியை ஒட்டி ஐம்பது, அறுபது ஆட்டங்கள். மேஜர் லீக்கில் 162, ஏறக்குறைய தினமும். கேட்சரின் முழங்காலுக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது குறி. கல்லூரி அணிகள் பலவற்றில் எந்தப் பந்து எறிய வேண்டும் என்பதைப் பயிற்சியாளர் பெஞ்சிலிருந்தே சொல்லிவிடுவார். கேட்சர் அதை விரலில் காட்டினால் போதும். தொழில்முறை ஆட்டத்தில் அந்த முடிவு கேட்சர் தலையில் வந்து விழுகிறது. போன தடவை இந்தப் பேட்டர் எதை அடித்தார், இன்று பிட்சருக்குக் கர்வ் பந்து கையில் நிற்கிறதா, மூன்றாம் பேஸில் ஆள் இருக்கும்போது மண்ணில் குத்தும் பந்தைக் கேட்கத் துணியலாமா, எல்லாவற்றையும் சில விநாடிக்குள் யோசிக்க வேண்டும். இது ஆடித்தான் வரும்.

அதனால் போசி படிப்படியாக ஏறினார். அரிசோனா, ஒரிகான் பக்கத்துக் கீழ்நிலை அணிகளில் சில ஆட்டங்கள், பிறகு ஹவாயில் குளிர்கால லீக். 2009இல் சான் ஹோசே, அங்கிருந்து மேஜர் லீக்குக்கு ஒரு படி கீழான ஃபிரெஸ்னோ. அந்தச் செப்டம்பரில் முதன்முறையாக மேஜர் லீக் சட்டை. ஆனால் அந்த ஆண்டு ஆடியது 7 ஆட்டம் மட்டும். பெரும்பாலும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்.

மைனர் லீக் எனப்படும் அந்தக் கீழ்நிலை அணிகளில் சம்பளம் நன்றாக இருக்குமா?

பெரிய கையெழுத்துத் தொகை வாங்கியவர்களுக்குக் கவலையில்லை. மற்றவர்களுக்கு நெடுங்காலம் மோசமாக இருந்தது. ஒரு வாடகை வீட்டில் ஐந்தாறு பேர் படுத்துக்கொண்டு ஆடியவர்கள் ஏராளம். மைனர் லீக் வீரர்கள் தொழிற்சங்கத்தில் சேர்ந்த பிறகு, 2023 ஒப்பந்தத்தில் மேல்நிலையான டிரிபிள்-ஏ அணியில் ஆண்டுக்குக் குறைந்தபட்சம் 35,800 டாலர் என்று ஆனது. இது எப்போதோ செய்திருக்க வேண்டிய காரியம்.

2010இல் அவருக்கு இடம் எப்படிக் கிடைத்தது?

2010 மே 29 அன்று மறுபடி மேலே அழைத்தார்கள். அன்று முதல் பேஸில் ஆடி மூன்று ஹிட் அடித்தார். முதல் பேஸில் நிற்க வைத்ததற்குக் காரணம், கேட்சர் இடத்தில் பெஞ்சி மொலினா இருந்தார். ஜயண்ட்ஸ் பிட்சர்கள் மிகவும் நம்பிய அனுபவசாலி அவர். டிம் லின்ஸகம், மேட் கெய்ன் போன்றவர்கள் அவரிடம் எறிந்து பழகியவர்கள். ஜூன் முடியும் வேளையில் அணி மொலினாவை டெக்சஸ் ரேஞ்சர்ஸுக்கு மாற்றிவிட்டு, 23 வயதுப் போசியிடம் முகமூடியைக் கொடுத்தது.

பிட்சர் ஒருவர் கேட்சரை நம்புவது மேலிடத்து உத்தரவால் வருவதில்லை. ஒவ்வொரு பந்தாகச் சேர்ப்பது அது. போசி ஜூலையில் தொடர்ந்து 21 ஆட்டங்களில் ஹிட் அடித்தார், அது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. லீக்கிலேயே வலுவான பிட்சர் கூட்டம் ஒன்று புதுப் பையனின் விரலைப் பார்த்துத் தலையசைக்கத் தொடங்கியதைக் கூர்ந்து பார்த்தவர்கள் மட்டுமே கவனித்தார்கள். ஆண்டு இறுதியில், மேஜர் லீக்கின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீக்கின் சிறந்த புதுமுக விருது அவருக்குக் கிடைத்தது.

அந்த ஆண்டு உலகத் தொடரில் எதிரே வந்த அணி ரேஞ்சர்ஸ். அங்கே முகமூடி போட்டு உட்கார்ந்திருந்தவர் அதே மொலினா. அக்டோபர் 31, நான்காவது ஆட்டம். ஜயண்ட்ஸின் பிட்சர் மேடிசன் பம்கார்னருக்கு 21 வயது, அவருக்குக் குறி காட்டிய போசிக்கு 23. எட்டு இன்னிங்ஸ் ஒரு ரன்கூட விடவில்லை. போசி ஹோம் ரன்னும் அடித்தார். மறுநாள் ஜயண்ட்ஸ் பட்டம் வென்றது. 1958இல் சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயர்ந்த பிறகு அந்த அணிக்குக் கிடைத்த முதல் பட்டம்.

கால் உடைந்த நாள் பற்றிச் சொல்ல முடியுமா?

2011 மே 25, சான் பிரான்சிஸ்கோ. ஃப்ளோரிடா மார்லின்ஸுக்கு எதிரான ஆட்டம், 12ஆவது இன்னிங்ஸ், 6-6 என்று சமம். மூன்றாம் பேஸில் மார்லின்ஸின் ஸ்காட் கசின்ஸ். எமிலியோ போனிஃபாசியோ வலப்பக்க வெளிக்களத்துக்கு உயர அடித்தார். நேட் ஷியர்ஹோல்ட்ஸ் பந்தைப் பிடித்த கணத்தில் கசின்ஸ் ஹோம் பிளேட்டை நோக்கி ஓடத் தொடங்கினார். எறி வந்தது. போசி அதை வாங்கித் திரும்பித் தொட முயன்றார். பந்து கையுறையில் நிற்கவில்லை. கசின்ஸ் வழுக்கிப் போகவில்லை, தோளைத் தாழ்த்தி நேரே மோதினார். போசியின் உடல் பின்னால் சாய, இடது கால் அந்த உடலுக்குக் கீழேயே மடங்கிக் கிடந்தது. ரன் போனது. போசி மண்ணில் கிடந்து எழ முடியாமல் துடித்தார்.

கீழ்க்கால் எலும்பு முறிந்தது, கணுக்காலில் தசைநார்கள் கிழிந்தன. 45 ஆட்டங்களோடு அந்த சீசன் அவருக்கு முடிந்தது.

அன்றைய விதிப்படி கசின்ஸ் செய்தது தவறல்ல. நூறாண்டாக அப்படித்தான் ஆடினார்கள். கேட்சரை மோதிப் பந்தை உதிர வைப்பது வீரம் என்று கைதட்டினார்கள். கசின்ஸுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. அது கொஞ்சமும் நியாயமில்லை. மாற வேண்டியது விதி. 2014இல் மாறியது: கையில் பந்து இல்லாமல் கேட்சர் ஓடுபாதையை மறிக்கக் கூடாது, ஓடி வருபவரும் மோதுவதற்காகவே பாதை மாறக் கூடாது. ரசிகர்கள் இதைப் 'போசி விதி' என்கிறார்கள். இந்த விதி ஆட்டத்தின் சுவையைக் குறைத்துவிட்டது என்று வாதிடுபவர்கள் இன்னும் உண்டு. அந்த வீடியோவை ஒருமுறை முழுதாகப் பார்த்த பிறகு என்னால் அவர்களோடு சேர முடியவில்லை.

அதற்குப் பிறகு பழையபடி ஆட முடிந்ததா?

பழையதைவிட நன்றாக ஆடினார். 2012இல் சராசரி .336. நேஷனல் லீக்கில் ஒரு கேட்சர் பேட்டிங்கில் முதலிடம் பிடித்தது 1942இல் எர்னி லொம்பார்டிக்குப் பிறகு அப்போதுதான். லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதும் அவருக்கே. அந்த விருது நேஷனல் லீக் கேட்சர் ஒருவருக்கு 1972இல் ஜானி பெஞ்சுக்குப் பின் கிடைக்கவில்லை. கணுக்காலைக் காப்பாற்ற இடையிடையே அவரை முதல் பேஸில் நிறுத்தினார்கள். சின்சினாட்டியில் நடந்த பிளேஆஃப் ஐந்தாம் ஆட்டத்தில் மேட் லேடோஸ் எறிந்த பந்தைக் கிராண்ட் ஸ்லாமாக அடித்தார். முதல் இரண்டு ஆட்டமும் தோற்றிருந்த அணி அந்தத் தொடரை வென்றது.

ஆனால் என்னைக் கேட்டால் அந்த ஆண்டைப் புரிய வைப்பவை வேறு இரண்டு காட்சிகள்.

ஜூன் 13. ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸுக்கு எதிராக மேட் கெய்ன் 27 பேரையும் வரிசையாக வீழ்த்தினார், ஒருவர்கூட பேஸைத் தொடவில்லை. இதை பெர்ஃபெக்ட் கேம் என்பார்கள். அன்று கெய்ன் எறிந்தவை 125 பந்துகள். போசி கேட்ட பந்தை ஒரு தடவைகூடத் தான் கேள்வி கேட்கவில்லை என்று ஆட்டம் முடிந்து கெய்ன் சொன்னார். பிட்சர்கள் அவ்வளவு எளிதில் சொல்கிற சொல்லல்ல அது.

அக்டோபர் 28, டெட்ராய்ட். உலகத் தொடரின் நான்காவது ஆட்டம், 10ஆவது இன்னிங்ஸ், ஜயண்ட்ஸ் 4-3 என முன்னிலை. இன்னொருவரை அவுட்டாக்கினால் பட்டம். மட்டை பிடித்திருப்பவர் மிகெல் கப்ரேரா, சராசரி, ஹோம் ரன், தன் அடியால் வந்த ரன் மூன்றிலும் அந்த ஆண்டு மற்றப் பிரிவான அமெரிக்கன் லீக்கில் முதலாவது. பிட்சர் செர்ஹியோ ரோமோவின் உயிர்ப் பந்து, பக்கவாட்டில் விலகிப் போகும் ஸ்லைடர். போசி அதைத்தான் கேட்டார். ரோமோ மறுத்துத் தலையை ஆட்டினார். போசி சண்டை போடவில்லை, கையுறையை ஃபாஸ்ட்பாலுக்கு வைத்தார். வேகம் ஒன்றும் பெரிதில்லை, மணிக்கு 143 கிலோமீட்டர்தான். ஆனால் நடு பிளேட்டில் வந்தது. ஸ்லைடருக்காகக் காத்திருந்த கப்ரேரா மட்டையை அசைக்கவே இல்லை. மூன்றாம் ஸ்டிரைக், அவுட். போசி எழுந்து ஓடிப்போய் ரோமோவைக் கட்டிக்கொண்டார்.

நாலு மாத இடைவெளியில் நடந்தவை இவை. ஒன்றில் பிட்சர் கேட்சரை 125 தடவை நம்பினார். மற்றதில் கேட்சர் பிட்சரை ஒரே தடவை, வேண்டிய நேரத்தில் நம்பினார்.

ஃப்ரேமிங் இனிமேல் தேவைப்படுமா? இயந்திரம் வந்துவிட்டதாமே?

2026 சீசன் முதல் மேஜர் லீக்கில், அம்பயரின் தீர்ப்பு தவறு என்று தோன்றினால் பிட்சர், கேட்சர், பேட்டர் மூவரில் ஒருவர் தலையைத் தட்டி முறையிடலாம். கேமராக் கருவி சரிபார்த்துச் சொல்லும். ஒவ்வோர் அணிக்கும் இரண்டு வாய்ப்பு, முறையீடு சரியாக இருந்தால் அந்த வாய்ப்பு குறையாது. மற்ற எல்லாப் பந்துக்கும் அம்பயர்தான் என்பதால் ஃப்ரேமிங் ஒழியவில்லை. எப்போது முறையிட வேண்டும் என்று தெரிந்த கண் புதிதாகத் தேவைப்படுகிறது. பந்துக்கு மிகப் பக்கத்தில் இருக்கிற கண் கேட்சருடையது.

34 வயதில் ஏன் ஓய்வு பெற்றார்?

உடம்புதான் காரணம், கூடவே குடும்பம். 2013இல் ஒன்பது ஆண்டுக்கு 16.7 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டவர். 2018 ஆகஸ்டில் இடுப்பில் அறுவை சிகிச்சை. அதன்பின் அடியில் வலு குறைந்தது. 2020இல் குறைமாதத்தில் பிறந்த இரட்டைப் பெண் குழந்தைகளைத் தத்தெடுத்தார். கொரோனா காலத்தில் அவர்களுக்கு ஆபத்து வரக்கூடாது என்று அந்த சீசன் முழுக்க ஆடவில்லை. 2021இல் திரும்பி வந்து .304 சராசரியோடு ஆடினார், அணி தன் வரலாற்றிலேயே அதிகமாக 107 ஆட்டங்கள் வென்றது. அந்த நவம்பர் 4 அன்று போதும் என்று அறிவித்தார். தினமும் வலியோடு ஆடும்போது ஆட்டத்தை அனுபவிக்க முடியவில்லை என்றும், குடும்பத்தோடு இருக்க வேண்டும் என்றும் காரணம் சொன்னார். நன்றாக ஆடிய ஆண்டிலேயே விலகியது சிலருக்கு ஆச்சரியம். பத்தாண்டுக்கு மேல் குந்தி உட்கார்ந்த முழங்காலுக்கு அதில் ஆச்சரியம் இருந்திருக்காது.

கல்லூரி வழியாக வந்தால்தான் நல்ல கேட்சர் ஆக முடியுமா?

அப்படி இல்லை. செயின்ட் லூயிஸ் அணியின் யாதியர் மொலினா, மேலே சொன்ன பெஞ்சியின் தம்பி, கல்லூரிக்குப் போகாமல் வந்தவர். கேன்சஸ் சிட்டியின் சால்வடோர் பெரெஸ் வெனிசுவேலாவிலிருந்து பதின்வயதிலேயே ஒப்பந்தமானவர்.

இருந்தாலும் கல்லூரிக் கேட்சர்களை அணிகள் விரும்பி எடுக்கின்றன. 2019இல் முதல் ஆளாகவே எடுக்கப்பட்ட ஆட்லி ரட்ச்மன் ஒரிகான் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காரர். பால்டிமோர் அவருக்குக் கொடுத்த கையெழுத்துத் தொகை 81 லட்சம் டாலர். அவ்வளவு கொடுத்தும் மேஜர் லீக்குக்குக் கொண்டுவர 2022 மே வரை காத்திருந்தார்கள். போசி படித்த அதே ஃப்ளோரிடா ஸ்டேட்டில், அதே மைக் மார்ட்டினிடம் ஆடியவர் கால் ராலி. 2018இல் மூன்றாம் சுற்றில் சியாட்டில் எடுத்தது. 2025இல் அவர் அடித்த ஹோம் ரன்கள் 60. அதற்கு முன் எந்தக் கேட்சரும் ஒரு சீசனில் 50ஐக்கூடத் தொட்டதில்லை.

போசி இப்போது என்ன செய்கிறார்?

2022இல் ஜயண்ட்ஸ் உரிமையாளர் குழுவில் சேர்ந்தார். 2024 செப்டம்பர் இறுதியில் அணியின் பேஸ்பால் செயல்பாட்டுத் தலைவர் ஆனார். யாரை எடுப்பது, யாரை விடுவது, யாரிடம் அணியைக் கொடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. 2024, 2025இல் அவருடைய பழைய இடத்தில் குந்தி உட்கார்ந்தவர் பேட்ரிக் பெய்லி. நார்த் கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழகத்திலிருந்து 2020இல் எடுக்கப்பட்டவர், அந்த இரண்டு ஆண்டும் சிறந்த தடுப்பாட்டத்துக்கான கோல்ட் கிளவ் வென்றவர்.

2025 அக்டோபரில் அணிக்குப் புது மேனேஜர் (தலைமைப் பயிற்சியாளர்) தேவைப்பட்டபோது போசி தேர்ந்தெடுத்தவர் டோனி விட்டெல்லோ. டென்னசி பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளராக இருந்தவர். தொழில்முறை அணி எதிலும் ஒருநாள்கூட வேலை பார்த்ததில்லை. கல்லூரியிலிருந்து நேரே மேஜர் லீக் மேனேஜர் நாற்காலிக்கு அப்படி வந்தவர் அவருக்கு முன் யாருமில்லை. துணிச்சல் என்று எழுதினார்கள், சூதாட்டம் என்றும் எழுதினார்கள். டல்லஹாசியில் ஒரு துணைப் பயிற்சியாளரின் பேச்சைக் கேட்டு ஷார்ட்ஸ்டாப் இடத்தை விட்டுக்கொடுத்த பையன் எடுத்த முடிவு என்பதால், எனக்கு அதில் வியப்பு வரவில்லை.